தண்ணி தாண்டி விட்ட நாய்

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் துர்காதேவி என்று பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'சத்தம் போடுற அக்கா' என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். அத்தனை வண்டிக்கும் நடுவில் ஒரே பெண் டிரைவர் அவள்தான். கம்பெனிக்கு ஷிப்டு போகிற பெண்பிள்ளைகள் அவள் வண்டி வரட்டும் என்று காத்திருந்து ஏறுவார்கள். இடிக்கிறவனும் உரசுகிறவனும் அதில் ஏற முடியாது. தப்பித் தவறி ஏறினால் பாதி வழியில் இறங்கி நடக்கவேண்டியதுதான்.

கோபக்காரி என்று ஊர் முழுக்கப் பேர். கோபம் வராமல் என்ன செய்யும்? மகள் அனுவுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை என்றதும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். நாக்கில் வசம்பைத் தேய் என்றார்கள். கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடு என்றார்கள். பெற்றவள் ஆட்டோ ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் பிள்ளை இப்படித்தான் ஆகும் என்று சொந்தக்காரர்களே முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் அனுவைப் பார்த்து ஆட்டிசம் என்று சொன்னார். "இது வியாதி இல்லம்மா, இவளோட மூளை வேற மாதிரி வேலை செய்யுது. இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல" என்றும் சொன்னார். தன் தப்பு இல்லை என்று ஒரு மனுஷி சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் துர்கா அழுதுகொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் வீடு கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. அனுவுக்குத் தாங்க முடியாமல் போனால் வீறிட்டுக் கத்துவாள், தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள். அதைக் கேட்ட வீட்டுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலி செய்யச் சொன்னார்கள். ஒருவர் 'மகனுக்குக் கல்யாணம்' என்றார், இன்னொருவர் 'வெள்ளையடிக்கணும்' என்றார். எல்லாம் சாக்குதான். கடைசியில் பசுமை நகரில் சகுந்தலா வீட்டின் கீழ்ப்போர்ஷன் கிடைத்தது. நெல் விளைந்த நிலத்தில் செம்மண்ணைக் கொட்டி மேடாக்கி, பிளாட் போட்டு, பேருக்கு ஒரு புல்கூட இல்லாத இடத்துக்குப் பசுமை நகர் என்று ஆர்ச் கட்டுவதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். ஆனால் சகுந்தலா அனுவைப் பார்த்தும் வீட்டைக் கொடுத்தாள், அதை மறுக்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள், நாய் பூனை கூடாது. துர்காவும் அவள் புருஷன் ரமேஷும் தலையை ஆட்டினார்கள். நாய் வளர்க்கிற நினைப்பே அப்போது அவர்களுக்கு இல்லை.

நாயை யாரும் கொண்டுவரவில்லை, அதுவாக வந்தது. கருத்தடை செய்வதற்காகத் தெரு நாய்களைப் பிடித்துப் போன வண்டி, பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்கிற சட்டப்படி, ஒரு மத்தியானம் இந்த நாயைக் கரண்ட் கம்பத்தடியில் இறக்கிவிட்டுப் போனது. பழுப்பு நிறம், நாட்டு நாய். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக இடது காதின் நுனியை வெட்டியிருந்தார்கள். மயக்கம் தெளியாமல் கிடந்தது. பெற்ற தகப்பன் தொட்டால்கூடத் தோளைச் சிலிர்த்துக்கொள்கிற அனு, கேட்டைத் திறந்துகொண்டு தானாகப் போய் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தாள். வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு விரலை நீட்டி, வெட்டுப்பட்ட காதின் இடுக்கில் மெதுவாக வைத்தாள். நாய் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது.

வால் சுருண்டிருந்ததைப் பார்த்து ரமேஷ் அதற்கு முறுக்கு என்று பேர் வைத்தான். அன்றிலிருந்து வீடே மாறிப்போனது. அதுவரை ஸ்கூலுக்குக் கிளம்பும்போது கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைக்க மாட்டாள் அனு, அலற அலறத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். இப்போது முறுக்கு முன்னால் நடந்தால் பின்னாலேயே நடந்தாள். முறுக்கு வாசற்படியில் உட்கார்ந்தால் இவளும் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைச் சாப்பிட்டாள். கத்தல் வரும் நேரத்தில் அந்த நாய் வந்து தன் முழு பாரத்தையும் அவள் மேல் சாய்த்துக்கொண்டு நிற்கும். கத்தல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோகும். இதையெல்லாம் அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஸ்டாண்டுக்கும் கூடவே வரும். ஆட்டோவில் அம்மா பக்கத்தில் அனு, அனு காலடியில் முறுக்கு.

ஒருநாள் அனு பேசினாள். 'அம்மா' என்றோ 'அப்பா' என்றோ இல்லை. கேட்டருகே நின்று நாயைப் பார்த்து "வா" என்றாள். சமையலறையில் இருந்த துர்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தன்னைக் கூப்பிடவில்லையே என்று அவளுக்கு வருத்தமா என்று கேட்டால், துளியும் இல்லை. "எவனக் கூப்ட்டா இன்னா, கூப்புட்டா இல்ல?" என்று ஸ்டாண்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

இது பொறுக்கவில்லை பசுமை நகருக்கு. அங்கே அசோசியேஷன் செகரட்டரி ரவிச்சந்திரன், ஏதோ ஆராய்ச்சி ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கு யாரையும் கடித்ததில்லை, குரைப்பதுகூட எப்போதாவதுதான். ஆனாலும் அவர் வாக்கிங் போகும்போது அது எதிரே படுத்திருக்கக் கூடாதாம். அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்.

"அந்தப் பிரவுன் நாய் யாரோடது? யாராவது வளர்க்கிறீங்களா?"

வாசலோடு நிற்கிற நாய்தானே என்று அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்த சகுந்தலா திரும்பி துர்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முழு நிபந்தனையும் இருந்தது. துர்காவுக்கு ஒரு நொடியில் எல்லாம் கண் முன்னால் வந்துபோயிற்று. மறுபடியும் மூட்டை முடிச்சு, மறுபடியும் வீடு வீடாகக் கதவைத் தட்டுவது, அனுவைப் பார்த்ததும் சுருங்குகிற முகங்கள். ஸ்டேஷன் ரோடையே அதட்டி நிறுத்துகிறவள் அன்றைக்குக் குரல் எழும்பாமல் சொன்னாள்.

"எங்க நாயி இல்ல சார். தெரு நாயி. மிச்சம் மீதி வெப்போம், அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்தபோது முறுக்கு வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வந்தது. அதைப் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே அனுவைப் பயிற்சிக்காகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு வந்தால், வாசலில் முறுக்கு இல்லை. எங்காவது சுற்றப் போயிருக்கும் என்று நினைத்தாள் துர்கா. அனு நினைக்கவில்லை. கேட்டருகே போய் நின்று "வா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "வா". இருட்டும்வரை அந்த ஒரே வார்த்தைதான், ஒவ்வொரு தடவையும் அதே குரலில், அதே பக்கம் பார்த்து. பெற்றவள் காதால் கேட்கக்கூடியதா அது? ரமேஷ் நைட் ஷிப்டுக்குக் கிளம்பியவன் பையை வைத்துவிட்டு லீவு சொன்னான்.

மறுநாள் "வா" நின்றுபோனது. கூடவே எல்லாமும் நின்றன. ஸ்கூல் இல்லை, சாப்பாடு இல்லை. மணிக்கட்டைக் கடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். துணி சுற்றினால் துணியைப் பிய்த்துவிட்டுக் கடித்தாள். தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டியூப் வைத்துத்தான் சாப்பாடு கொடுக்கவேண்டி வரும் என்று போனில் டாக்டரம்மா சொன்னார்.

துர்கா தெருத் தெருவாக முறுக்கின் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தாள். "ஓடியிருக்கும். நாய்தானே" என்றாள் சகுந்தலா, துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே. ரவிச்சந்திரன் வாக்கிங் ஷூவோடு நின்று நிதானமாகப் பேசினார்.

"நீங்கதானே தெரு நாய்னு சொன்னீங்க? தெரு நாய் இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும்."

"புள்ள துன்னாம கெடக்குது சார். கையக் கட்ச்சிகினு கெடக்குது."

"பாருங்கம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பாசம், ஒட்டுதல் எல்லாம் கிடையாது. நான் நெட்ல நிறையப் படிச்சிருக்கேன். பழக்கம் விட்டுப்போனதால அடம் பிடிக்கிறா, அவ்வளவுதான். ரெண்டு நாள்ல மறந்துடுவா. நாய்தான் வேணும்னா இதுக்குன்னே டிரெயினிங் கொடுத்த லேப்ரடார் எல்லாம் இருக்கு. வெளிநாட்டுல அப்படித்தான் செய்யறாங்க."

கேட்டீர்களா கதையை. வீதியில் கிடந்த நாய் யாரும் கேட்காமல் வந்து செய்த வேலையை, பட்டம் வாங்கிய வெளிநாட்டு நாய் செய்தால்தான் அது வைத்தியம்! அந்தப் பிள்ளை கேட்டருகே நின்று கூப்பிட்ட குரல் நான்கு வீடு தள்ளி அவர் வீட்டுக்கும்தான் கேட்டிருக்கும். காதில் விழுந்ததை நம்பவில்லை, நெட்டில் படித்ததை நம்பினார். "எங்க சார் என் நாயி?" என்று மட்டும் கேட்டாள் துர்கா. என் நாய் என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அதற்குள் அவர் நடையைக் கட்டிவிட்டார்.

வண்டி ஓட்டினால்தான் அடுப்பெரியும். ரமேஷ் மகளைப் பார்த்துக்கொள்ள, காலையில் ஸ்டாண்டுக்குப் போனாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வந்த வரிசைப்படிதான் வண்டி எடுக்கவேண்டும். அந்த வரிசைக்காக அண்ணன் தம்பி சட்டையைப் பிடித்து உருண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு அவசரம் என்றாலும் கிடைக்காது, காய்ச்சல் என்றாலும் கிடைக்காது. சாமியே வந்து கேட்டாலும் தன் டர்னை எவனும் விட்டுத்தர மாட்டான். அப்படிப்பட்ட இடத்தில், வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற லட்சுமணன் தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "நீ போக்கா, நான் அப்பால வரேன்" என்றான்.

பாவம், என் கஷ்டத்தைப் பார்த்து விடுகிறான் என்று நினைத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் அதே மாதிரி விட்டான். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்காமல், துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். துர்கா வண்டியிலிருந்து இறங்கி வந்து அவன் ஆட்டோ சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முறுக்க இன்னாடா பண்ண?"

"அக்கா..."

"மூணு கண்ணு நரசிம்மர் இருக்கிற ஊர்ல நின்னுகினு கீற. பொய் சொன்ன, கொளுத்திடுவேன் வண்டிய."

ஸ்டாண்டே கூடிவிட்டது. லட்சுமணன் அழாத குறையாகச் சொன்னான். செகரட்டரி சார் கூப்பிட்டாராம். கேட்டாயிற்று, யாருடைய நாயும் இல்லை, எங்காவது தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடு என்றாராம். பிரியாணியைக் காட்டினானாம், தெரிந்த வண்டிதானே என்று முறுக்கு தானாகவே வாலை ஆட்டிக்கொண்டு ஏறிக்கொண்டதாம்.

"அது எங்க நாயின்னு உனுக்குத் தெரியாது?"

"தெரியும்க்கா. ஆனா நீயே இல்லன்னு சொல்லிட்டியாமே. சரி, உனுக்கும் பேஜாரு வுட்டுதுன்னு நெனச்சேன்."

துர்காவுக்கு அடித்தது மாதிரி இருந்தது. செகரட்டரி, இவன், இரண்டு பேர் கையிலும் அவள் சொன்ன வார்த்தைதான் ஆயுதம்.

"எங்க வுட்ட?"

"திருப்போரூருக்கு அந்தாண்ட. நெம்மேலி போற ரோட்ல, கால்வாயத் தாண்டி."

"அவ்ளோ தூரமா?"

"தண்ணி தாண்டி வுட்டாத்தான் திரும்ப வராதுன்னு எங்க நைனா சொல்லும்."

அந்தப் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உண்டு. வேண்டாத பூனையோ நாயோ, சாக்கில் போட்டு ஆற்றுக்கோ ஏரிக்கோ அந்தப் பக்கம் விட்டுவிட்டால் மோப்பம் அறுந்துபோகும், வழி தெரியாது என்று நம்பிக்கை. துர்கா வீட்டிலும் செய்திருக்கிறார்கள். வாயில்லா ஜீவன் வழி தெரியாமல் தவிக்கவேண்டும் என்பதற்காகவே தண்ணீர் தேடிப் போகிற புத்தி. அதன் கொடுமை தனக்கென்று வரும்போதுதான் உறைக்கிறது.

"வண்டில ஏறு. வந்து எடத்தக் காட்டு" என்றாள்.

வீட்டுக்குப் போய் அனுவைத் தூக்கி முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். மூன்று ராத்திரி தூங்காத ரமேஷ் கூட வருகிறேன் என்றான். நீ இன்றைக்கு வேலைக்குப் போ, இல்லாவிட்டால் அதுவும் போய்விடும் என்று நிறுத்தினாள். லட்சுமணன் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தான். செங்கல்பட்டு, திருப்போரூர் வழியாக வண்டி பறந்தது. அனு ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை. காலடியில் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி லட்சுமணன் காட்டிய இடத்தில் ஒரு நாயும் இல்லை. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஜெபகுமார் என்பவரைக் கேட்டார்கள்.

"காது வெட்டின நாயா? வந்த அன்னைக்கே திரும்பப் போவப் பாத்துச்சும்மா. பாலம் வரைக்கும் வழி கரெக்டா தெரியுது அதுக்கு. இந்த ஏரியா நாய்ங்க வுடல. பாலத்துல வெச்சுப் பிறாண்டிட்டுச்சுங்க. தண்ணில எறங்கியும் நீந்திப் பாத்துச்சு, அந்தாண்டயும் நாலு நாயி நின்னுகினு கீது. இன்னா பண்ணும்? ஈ.சி.ஆர். பக்கமா ஓடிடுச்சு."

லட்சுமணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். தண்ணீர் தடுக்கவில்லை, மோப்பமும் அறுந்துபோகவில்லை. வீட்டுக்குப் போகிற வழி அதற்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கடற்கரை ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து, ஒவ்வொரு டீக்கடையாக, ஒவ்வொரு மீன் கடையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். திருவிடந்தையில் பெருமாள் கோயில் வாசலில் மாலை விற்கிற கன்னியம்மா, கேட்டு முடிப்பதற்குள் தன் மேஜைக்கு அடியில் கையைக் காட்டினாள்.

"ரெண்டு நாளா என் மேசைக்கு அடில கீது. துரத்துனாலும் போவல. மூஞ்சப் பாத்தா துரத்தவும் மனசு வரல. உன்னுதா?"

"எங்களுதுதான்" என்றாள் துர்கா. குனிந்து பார்த்தாள். முன்னங்காலில் சதை பிய்ந்து தொங்கியது. நல்ல காதும் கிழிந்திருந்தது. உடம்பெல்லாம் சேறு காய்ந்து அப்பியிருந்தது. "முறுக்கு, வாடா" என்று கையை நீட்டினாள். அது இன்னும் உள்ளே ஒடுங்கியது, அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டவர்களும் மனுஷர்கள்தானே. இனி எந்த மனுஷக் கையை அது நம்ப வேண்டும்? லட்சுமணன் பக்கத்தில் வரப் பார்த்தான். "நீ அந்தாண்ட போ" என்று சீறினாள்.

அனு வண்டியிலிருந்து தானாக இறங்கினாள். மேஜைக்கு முன்னால் வந்து, கைக்கெட்டும் தூரத்தில், மண்ணில் உட்கார்ந்தாள். நாயைத் தொடவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணம் கூடிவர வேண்டிக்கொண்டு மாலை வாங்க வந்த பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ, "பொண்ண எழுப்பும்மா, வழில உக்காந்துகினு" என்றார்கள். கன்னியம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள், பேசாமல் போய்விட்டார்கள். பிடித்து இழுத்து அணைத்துக்கொள்ளலாம் என்று துர்காவுக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அனுதான்.

நெடுநேரம் கழித்து, "வா" என்றாள் அனு.

முறுக்கு வயிற்றால் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தது. வந்து, தன் முழு பாரத்தையும் அவள் மடியில் சாய்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டது. கன்னியம்மா தன் நாஸ்தா டப்பாவைத் திறந்து இட்லியை வைத்தாள். அனு பாதியைப் பிட்டு நாய்க்குக் கொடுத்துவிட்டுப் பாதியைத் தன் வாயில் போட்டு மென்றாள். துர்காவுக்கு முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் லட்சுமணன் விசும்புவது கேட்டதும் அழுகை கோபமாகத் திரும்பிவிட்டது. "அழுவாத. மூஞ்சியும் மொகரையும். தூக்கு அத, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாள்.

திருப்போரூரில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் காலுக்குத் தையல் போட்டு ஊசியும் போட்டு அனுப்பினார். பசுமை நகர் ஆர்ச்சுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது ஆபீஸ் விட்டு எல்லாரும் திரும்புகிற சாயங்கால நேரம்.

வண்டி ஆர்ச்சுக்குள் நுழையத் திரும்பியதுதான் தாமதம், முறுக்கு கட்டுப் போட்ட காலோடு எகிறிக் குதித்துவிட்டது. தெருவின் நடுவில் வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டு படுத்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. துர்கா கூப்பிட்டாள், லட்சுமணன் தூக்கப் பார்த்தான், அது நகத்தால் ரோட்டைப் பற்றிக்கொண்டது. திரும்பி வரத் தண்ணீரில் நீந்திய நாய்தான், ஆனால் தன்னைத் தொலைக்க ஏற்றிக்கொண்டு போனது இந்த ஆர்ச்சுக்கு உள்ளேயிருந்துதான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அனு இறங்கி வந்து அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான், கார்கள் அந்த வழியாக உள்ளே போக முடியவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. முதலில் ஒரு ஹாரன், பிறகு நாலு, பிறகு தெருவே ஹாரன். அந்தச் சத்தம் அனுவுக்கு ஊசியால் குத்துவது போல. எப்போதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். இப்போது ஒரு கையால் தன் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு கையால் நாயின் கிழிந்த காதைப் பொத்தினாள். தன்னுடைய மறுகாது திறந்தே இருந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் அந்தப் பக்கத்து முகம் வலியில் கோணிக்கோணிப் போயிற்று. கையை மட்டும் எடுக்கவில்லை.

ரவிச்சந்திரன் சத்தம் கேட்டு வேகமாக நடந்து வந்தவர், அதைப் பார்த்துவிட்டு நின்றார். பின்னாலேயே சகுந்தலாவும் வந்தாள். ஷிப்டுக்குக் கிளம்பிய ரமேஷ் பையோடு வந்து நின்றான். ரவிச்சந்திரன்தான் கையை உயர்த்திக் கார்களை அடக்கினார்.

"சரிம்மா. நாயை உள்ள கூட்டிட்டுப் போங்க. அசோசியேஷன்ல நான் பேசிக்கிறேன். இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ஆமா துர்கா, இருந்துட்டுப் போகட்டும், நானும் ஒண்ணும் சொல்லல" என்றாள் சகுந்தலா.

இந்த வார்த்தைக்காகக் காலில் விழச் சொல்லியிருந்தாலும் போன வாரம் விழுந்திருப்பாள் துர்கா. இப்போது அவளுக்கு அது பிச்சை போடுகிற மாதிரி இருந்தது. போட்டுவிட்டு நன்றியும் எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"வேணாம் சார்" என்றாள். "அது உள்ள வராது. நீங்க இன்னா சொன்னாலும் அது நம்பாது. நான் கூப்ட்டுப் பாத்துட்டேன், என்னையே நம்பல. பாசம் தெரியாதுன்னீங்களே, அந்தப் புள்ளயத்தான் நம்பி வந்துச்சு. அதுவும் இந்த வாசல் வரைக்கும்தான்."

பிறகு ரமேஷைப் பார்த்து, "போய் ஸ்டவ்வக் கழட்டு" என்றாள். அந்த வீட்டைப் பிடிக்க எத்தனை படி ஏறி இறங்கியவன் அவன். பையை ஆட்டோவில் வைத்துவிட்டு உள்ளே நடந்தான். லட்சுமணன் அவன் பின்னால் ஓடினான்.

"இந்த நேரத்துல எங்கடி போவே?" என்றாள் சகுந்தலா. அவள் குரல் உண்மையாகவே பதறியது.

"தெரியலக்கா. இவங்க ரெண்டு பேரும் எந்த வாசல்ல பயப்படாம நடந்து உள்ள போவாங்களோ, அதுதான் வூடு. தேடிக்கிறேன்" என்றாள் துர்கா. பிறகு நின்றிருந்த கார்கள் பக்கம் திரும்பி, ஸ்டேஷன் ரோடில் போடுகிற அதே குரலில் கத்தினாள். "இன்னா பாத்துகினு கீறீங்க? புள்ள எழுந்துக்கற வரைக்கும் எவனும் ஹாரன் அடிக்கக் கூடாது. அவசரம்னா ரிவர்ஸ் எடுத்து அந்தாண்ட வழியா போங்க!"

ஒவ்வொரு காராக ரிவர்ஸ் எடுத்தது.